நடுநிலை யாருக்கு இயல்பு? நீதிபதி லியோன் ஹிக்கின்பாதமும் ஒரு விலகல் மனுவும்

1974ஆம் ஆண்டின் கடைசியில் பிலடெல்பியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. லோக்கல் 542 என்ற தொழிற்சங்கமும் கட்டுமான ஒப்பந்ததாரர்களும் போட்ட மனு. கிரேன், புல்டோசர் மாதிரியான பெரிய இயந்திரங்களை இயக்குகிறவர்களின் சங்கம் அது. கிழக்குப் பென்சில்வேனியாவிலும் டெலவேரிலும் இந்த வேலைகளுக்கு ஆள் அனுப்புவது அவர்கள்தான். கறுப்பினத்தவர்களை ஒதுக்குகிறார்கள் என்று பென்சில்வேனியா மாநில அரசும் பன்னிரண்டு கறுப்பினத் தொழிலாளர்களும் 1971இல் அவர்கள் மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். மனுவில் கேட்டது ஒன்றுதான்: இந்த நீதிபதி வழக்கை விட்டு விலக வேண்டும்.

நீதிபதி ஏ. லியோன் ஹிக்கின்பாதம் கறுப்பினத்தவர். அந்த அக்டோபரில் கறுப்பின வரலாற்றை ஆராய்கிறவர்களின் சங்கக் கூட்டத்தில் பேசியிருந்தார். உச்ச நீதிமன்றத்தின் அண்மைத் தீர்ப்புகளைப் பார்த்தால் இனி அதை மட்டும் நம்பிப் பயனில்லை, சம உரிமைக்கான முயற்சியை வேறு அரங்குகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். பத்திரிகையில் செய்தி வந்தது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. கறுப்பர்களின் கூட்டத்தில் இப்படிப் பேசுகிறவர், கறுப்பர்கள் வாதிகளாக இருக்கும் வழக்கில் எப்படி நடுநிலையாக இருப்பார்?

அமெரிக்க வழக்கப்படி இந்த மாதிரி மனுவை முதலில் பார்ப்பது அதே நீதிபதிதான். ஹிக்கின்பாதம் விலகவில்லை. ஏன் விலகவில்லை என்று டிசம்பரில் நீண்டதொரு உத்தரவு எழுதினார். என்னைக் கேட்டால், முப்பது ஆண்டுக்கும் சற்றுக் குறைவாக நீதிபதி நாற்காலியில் இருந்தவர் எழுதியவற்றில் நிலைத்து நிற்பது எந்த வழக்கின் தீர்ப்பும் இல்லை, இந்த மறுப்புதான். ஆனால் அதற்குள் போவதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1928 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரெண்டன் பகுதியில் பிறந்தவர். அப்பா தொழிற்சாலைக் கூலி. அம்மா வீட்டு வேலை செய்தவர். மேற்படிப்புக்குக் கொண்டுபோகும் பாடப்பிரிவில் சேர லத்தீன் வேண்டும். கறுப்பினக் குழந்தைகள் படித்த பள்ளியில் லத்தீனே கிடையாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் தடை என்று ஒரு வரி எழுத வேண்டாம், பாடத்திட்டமே வேலையை முடித்துவிடும். அந்த அம்மா தலைமையாசிரியரிடம் போய் நின்று மகனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

1944இல், பதினாறு வயதில், பொறியியல் படிக்க இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போனார். சுமார் 6,000 மாணவர்களில் கறுப்பர்கள் பன்னிரண்டு பேர். விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. ஒரு வீட்டின் மேல்மாடிப் பரண் போன்ற அறையில் எல்லோரும் படுத்தார்கள். சூடேற்றும் வசதி கிடையாது. இண்டியானாவின் குளிர்காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. காதுக்கும் காலுக்கும் என்னென்ன உண்டோ அத்தனையும் மாட்டிக்கொண்டுதான் தூங்கியாக வேண்டும். பல்கலைக்கழகத் தலைவர் எட்வர்ட் எலியட்டைப் பார்த்து, விடுதியில் எங்கேயாவது சூடான ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டார் ஹிக்கின்பாதம். உங்களை விடுதியில் சேர்க்கச் சொல்லிச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, இருந்தால் இரு, இல்லையென்றால் கிளம்பு என்ற பொருளில் பதில் வந்தது. விவாத அணியோடு வெளியூர் போனபோது மற்றவர்கள் ஓட்டலில் தங்க, இவர் மட்டும் கறுப்பர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ.வில் தங்க வேண்டியதாயிற்று.

பொறியியலை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு வந்ததன் காரணம் இது என்று அவரே பின்னாளில் எழுதினார். ஒரு சம்பவத்தால் வாழ்க்கை திரும்பியது என்று யார் சொன்னாலும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தத் தலைவர் திட்டவில்லை, கோபப்படவில்லை. சட்டத்தைக் காட்டினார். குளிரில் படுக்கிற பையனுக்கு அங்கேதான் விஷயம் புரிந்திருக்க வேண்டும்: ஒதுக்கலை நடத்திக்கொண்டிருந்தது யாருடைய வெறுப்போ மட்டும் இல்லை, சட்டமும்தான், சில இடங்களில் அது எழுதியதாலும், சில இடங்களில் எழுதாமல் விட்டதாலும்.

ஒஹாயோவின் ஆன்டியாக் கல்லூரிக்கு மாறி 1949இல் பட்டம் பெற்றார். அங்கே அதே காலத்தில் படித்தவர்களில் ஒருவர் கொரெட்டா ஸ்காட், பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி. அப்புறம் யேல் சட்டப் பள்ளி. மாணவராக இருந்தபோதே 1950இல் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஸ்வெட் வழக்கின் வாதத்தைக் கேட்டார். ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவரை டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி சேர்க்க மறுத்தது. வழக்கு வந்ததும் அவருக்காகத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றை அவசர அவசரமாக ஏற்படுத்தியது மாநிலம். ஆஸ்டினில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சில அறைகள், அவ்வளவுதான். 'தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாட்டுக்கு அதுவே போதும் என்றது அரசுத் தரப்பு. ஸ்வெட்டுக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. ஜூன் மாதம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஸ்வெட்டைச் சேர்க்க உத்தரவிட்டார்கள்.

1952இல் யேல் பட்டத்தோடு பிலடெல்பியாவுக்கு வந்தால், வெள்ளையர்களின் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் எதுவும் கதவைத் திறக்கவில்லை. நீதிபதி கர்டிஸ் போக்கிடம் உதவியாளர், ஓராண்டு உதவி அரசு வழக்கறிஞர், பிறகு கறுப்பின வழக்கறிஞர்கள் சேர்ந்து நடத்திய நாரிஸ், கிரீன், ஹாரிஸ் நிறுவனத்தில் பங்குதாரர். கூடவே, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் பிலடெல்பியா கிளைத் தலைவர். 1962இல் ஜனாதிபதி கென்னடி அவரைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் உறுப்பினராக்கினார். இத்தகைய ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். வயது 34.

1963இல் கென்னடி அவரை மாவட்ட நீதிபதியாகப் பரிந்துரைத்தார், செனட் அசையவில்லை. 1964 ஜனவரியில், செனட் கூடாத நேரம் பார்த்து அடுத்த ஜனாதிபதி ஜான்சன் நியமித்தார். மார்ச்சில் செனட்டின் ஒப்புதலும் கிடைத்தது. கிழக்குப் பென்சில்வேனியா மாவட்ட நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அதே மார்ச் மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் ஒரு சின்ன வழக்கை முடித்தது. அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண்ணை அரசு வழக்கறிஞர் சாட்சிக் கூண்டில் வெறுமனே 'மேரி' என்று கூப்பிட்டார். வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் 'மிஸ்' போட்டிருப்பார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்று அவர் நின்றுவிட, நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், விர்ஜினியா நீதிமன்றத்தில் வெள்ளையர்களுக்கான இருக்கையில் உட்கார்ந்தார் என்று ஒருவரைத் தண்டித்ததையும் அது ரத்து செய்திருந்தது. ஒரு கறுப்பினத்தவர் கூட்டாட்சி நீதிமன்ற மேடையேறிய அந்த நாட்களில் மற்ற நீதிமன்றங்கள் இப்படித்தான் இருந்தன.

இங்கே வில்லியம் ஹேஸ்டியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஹிக்கின்பாதம் பிற்பாடு உட்காரப்போகும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் கறுப்பினத்தவர் அவர். அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதியும் அவரே: 1937இல் ரூஸ்வெல்ட் அவரை விர்ஜின் தீவுகளுக்கு நியமித்தார். இரண்டே ஆண்டில் அதை விட்டுவிட்டு ஹாவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் டீனாகப் போனார். தர்குட் மார்ஷல் அவருடைய பழைய மாணவர். உலகப் போரின்போது போர்த்துறைச் செயலரின் ஆலோசகராக இருந்து, விமானப் படையில் இன ஒதுக்கல் தொடர்வதை எதிர்த்து 1943இல் ராஜினாமா செய்தார். டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியின் வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முதல்கட்டத் தேர்தலை 1944இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, மார்ஷலோடு நின்று வாதாடியவர் அவர். 1949இல் ட்ரூமன் அவரை மூன்றாம் சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

செனட் விசாரணையில் ஹேஸ்டி மீது கம்யூனிஸ்ட் அனுதாபி என்ற முத்திரையைக் குத்தப் பார்த்தார்கள். பின்னர் 1962இல் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானது. ஜனாதிபதியின் தம்பியும் தலைமை அரசு வழக்கறிஞருமான ராபர்ட் கென்னடி ஹேஸ்டியின் பெயரை முன்வைத்தார். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் கருத்துக் கேட்டபோது வேண்டாம் என்றாராம். ஹேஸ்டி போதுமான அளவு தாராளவாதி இல்லை என்பது காரணம். நீதிபதி டக்ளஸின் எண்ணமும் அதுவே. இடம் பைரன் ஒயிட்டுக்குப் போனது. ஒரே மனிதர் ஒரு தரப்புக்கு ஆபத்தான இடதுசாரி, இன்னொரு தரப்புக்கு அளவுக்கு மீறி எச்சரிக்கையான பழமைவாதி. அவரோ மேடையில் அதிகம் பேசாத, சட்டப் புள்ளியை விட்டு ஓரடி நகராத ஆள். வாயை மூடிக்கொண்டு வேலை செய்தாலும் நடுநிலைச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. பேசுகிற ஹிக்கின்பாதமுக்குக் கிடைக்கவா போகிறது?

இனி 1974 உத்தரவு. நான் கறுப்பன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், கண்ணுக்குத் தெரிகிற அந்த உண்மைக்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று கிட்டத்தட்ட நக்கலாகவே எழுதுகிறார். மற்ற இனத்தவர் தங்கள் பாரம்பரியத்தை நினைத்துப் பெருமைப்படுவது போல நானும் பெருமைப்படுகிறேன். கறுப்பனாக இருப்பதாலேயே வெள்ளையருக்கு எதிரி ஆகிவிட மாட்டேன். யூதராக இருப்பவர் கத்தோலிக்கருக்கு விரோதி என்றோ, கத்தோலிக்கர் புராட்டஸ்டன்டுக்கு விரோதி என்றோ யாரும் சொல்வதில்லையே என்று கேட்கிறார்.

அடுத்த வாதம்தான் கூர்மையானது. கறுப்பின வழக்கறிஞர்கள் இத்தனை காலமும் கிட்டத்தட்ட வெள்ளை நீதிபதிகள் முன்னால்தான் வாதாடி வந்திருக்கிறார்கள். இன உறவு சம்பந்தப்பட்ட வழக்குகளிலிருந்து வெள்ளையர்கள் விலக வேண்டும் என்று அவர்கள் கேட்டதில்லை. வெள்ளை நீதிபதி மனித உரிமை பற்றி எந்த மேடையிலும் பொதுவாகப் பேசலாம், மறுநாள் வந்து அதே விஷயத்தில் வழக்கு விசாரிக்கலாம். நூற்றாண்டுகளாக அவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. கறுப்பின நீதிபதி பேசினால் மட்டும் தகுதி போய்விடும் என்றால், அளவுகோல் இரண்டாகிவிடுகிறது. பிரதிவாதிகள் கேட்பது நடுநிலை இல்லை, அந்த இரட்டை அளவுகோலைத்தான் என்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தனக்கு வரலாறு பற்றிய கருத்து எதுவுமே இல்லை என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. இந்த நாட்டின் வரலாற்றில் எண்ணற்ற இன அநீதிகள் நடந்திருக்கின்றன என்று நம்புவதாக அதே உத்தரவில் எழுதினார். கடந்த காலத்தைப் பற்றிய பார்வை ஒன்று; இந்தச் சங்கம் இந்த ஆண்டுகளில் இந்தத் தொழிலாளர்களை என்ன செய்தது என்ற சாட்சியத்தை எடைபோடுவது இன்னொன்று. இரண்டாவதில் முன்முடிவு இருந்தால்தான் நீதிபதி விலக வேண்டும். முதலாவதில் கருத்தே இல்லாத நீதிபதி எங்கும் கிடைக்க மாட்டார். கருத்து இருப்பது வெளியே தெரியாத நீதிபதி வேண்டுமானால் கிடைப்பார்.

இந்த உத்தரவு உடனே பயன்பட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில், ஒரு பெரிய வழக்கறிஞர் நிறுவனம் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டியது என்ற வழக்கு கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியிடம் வந்தது. கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். அவரையும் விலகச் சொன்னார்கள். பின்னணியோ இனமோ பாலினமோ போதும் என்றால் இந்த நீதிமன்றத்தில் யாருமே இந்த வழக்கை விசாரிக்க முடியாது என்றார் மாட்லி. ஆணுக்கும் பாலினம் உண்டு, வெள்ளையருக்கும் இனம் உண்டு. அதை எதிர்த்தரப்பு யோசித்ததாகத் தெரியவில்லை. 2011இலும் இதே கேள்வி வேறு உடையில் வந்தது. ஒருபாலினத் திருமணத் தடையை ரத்து செய்த கலிபோர்னியா நீதிபதி வான் வாக்கர் ஒருபாலீர்ப்பாளர், எனவே தீர்ப்பு செல்லாது என்று மனு. அதையும் தள்ளிவிட்டார்கள்.

சரி, லோக்கல் 542 என்ன ஆனது? அந்தத் தொழிலில் ஒப்பந்ததாரர் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. வேலை வந்தால் சங்க அலுவலகத்துக்குச் சொல்வார், அவர்கள் தங்கள் பட்டியலிலிருந்து அனுப்புவார்கள். அதாவது சங்கக் கதவு மூடினால் தொழிலே மூடியது. வழக்குப் போட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் மீது வன்முறை, மிரட்டல் என்று போனதால் 1972இலேயே ஹிக்கின்பாதம் தடை உத்தரவு போட வேண்டியிருந்தது. முழு விசாரணைக்குப் பின் 1978இல் சங்கம் பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்தார். ஒப்பந்ததாரர்களும் பொறுப்பு என்றார். சங்கம்தானே அனுப்பியது, நாங்கள் யாரையும் ஒதுக்கவில்லையே என்ற அவர்களின் வாதத்தை ஏற்கவில்லை. 1982இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைக் கவிழ்த்தது. 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டப்படி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டுமானால் அவரே வேண்டுமென்று பாகுபாடு காட்டியிருக்க வேண்டும் என்றது. தீர்ப்பை எழுதியவர் ரென்க்விஸ்ட். மறுத்து எழுதியவர் தர்குட் மார்ஷல். சங்கத்தின் மீதான முடிவு நின்றது. உச்ச நீதிமன்றத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று 1974இல் பேசியவருக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

1977இல் கார்ட்டர் அவரை மூன்றாம் சர்க்கியூட்டுக்கு உயர்த்தினார். ஹேஸ்டி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. 1990இல் அதன் தலைமை நீதிபதி. இதோடு கூடவே பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தினார், முக்கியமாகப் பென்சில்வேனியாவில். இனமும் அமெரிக்கச் சட்டமும் அவருடைய பாடம். அவரிடம் உதவியாளராக இருந்தவர்களில் எலெனார் ஹோம்ஸ் நார்ட்டனும் உண்டு. பின்னாளில் அவர் வாஷிங்டன் நகரின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்குப் போனார்.

பாடத்திலிருந்து புத்தகம் வந்தது. 1978இல் வெளியான 'இன் த மேட்டர் ஆஃப் கலர்' விர்ஜினியா, மாசசூசெட்ஸ், நியூயார்க், தெற்குக் கரோலினா, ஜார்ஜியா, பென்சில்வேனியா என்ற ஆறு காலனிகளின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுகிறது. அடிமைமுறையைச் சவுக்கும் சங்கிலியுமாகச் சொல்லும் புத்தகங்கள் எத்தனையோ உண்டு. இது சட்டப்பிரிவுகளாகச் சொல்கிறது, படிக்கையில் அதுவே அதிகம் உறைக்கிறது. 1640இல் விர்ஜினியாவில் மூன்று வேலையாட்கள் எஜமானரை விட்டு ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். டச்சுக்காரர் ஒருவர், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ஜான் பஞ்ச் என்ற கறுப்பினத்தவர். முதல் இருவருக்கும் கூடுதலாகச் சில ஆண்டு வேலை. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுவதும். மூவரும் செய்த குற்றம் ஒன்றே.

1662இல் இன்னொரு சட்டம்: குழந்தை அடிமையா சுதந்திரமானதா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் பிள்ளைக்குத் தந்தையின் நிலைதான், அதைத் தலைகீழாக்கினார்கள். ஏன் என்று கேட்டால் விடை கணக்கில் இருக்கிறது. எஜமானனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளை எஜமானனின் வாரிசாகாமல் அவனுடைய சொத்தாகிவிடுகிறது. 1669இல் இன்னும் ஒரு படி: அடிமையைத் தண்டிக்கும்போது அவர் இறந்துபோனால் எஜமானர் மீது கொலைக்குற்றம் இல்லை. சொந்தச் சொத்தை யாரும் வேண்டுமென்று அழிக்க மாட்டார்கள் என்பது அந்தச் சட்டமே சொல்லும் காரணம். சட்டத்தின் சாந்தமான குரலில் இதையெல்லாம் படித்தவருக்கு, நடுநிலை என்பது வெள்ளை நீதிபதிகளோடு பிறந்து வந்தது என்ற வாதம் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். விலகல் மனு வந்தது இந்தப் புத்தகத்துக்கு நான்கு ஆண்டு முன்பு. உத்தரவும் புத்தகமும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி வருவது அவருடைய வாழ்க்கையின் மிகவும் சிக்கலான இடம். 1991இல் தர்குட் மார்ஷல் ஓய்வு பெற, அவர் இடத்துக்கு கிளேரன்ஸ் தாமஸ் வந்தார். கறுப்பினத்தவர், ஆனால் மார்ஷலின் சட்டப் பார்வைக்கு நேர் எதிர். அந்த நவம்பரில் ஹிக்கின்பாதம் அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அடுத்த ஜனவரியில் அது பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட இதழில், அடிக்குறிப்புகள் சகிதம் வெளியானது. பதவியில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிபதி ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதிக்குப் பகிரங்கமாகப் பாடம் நடத்துவது கேள்விப்படாத விஷயம். நீங்கள் குறை சொல்லும் என்.ஏ.ஏ.சி.பி.யும் மார்ஷலும் நடத்திய வழக்குகள் இல்லையென்றால் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்கள் என்று கேட்டார். தாமஸ் விர்ஜினியாவில் வசித்தார், மனைவி வெள்ளையர். கலப்பு மணத்தைக் குற்றமாக்கிய விர்ஜினியா சட்டத்தை 1967இல் லவ்விங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திராவிட்டால், அந்தக் குடும்ப வாழ்க்கையே அங்கே குற்றம். இதையும் மடலில் சுட்டிக்காட்டினார்.

பலர் கைதட்டினார்கள். பலருக்குக் கோபம். ஒரு நீதிபதியின் வீட்டுக்குள் நுழைவது சரியா என்று எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் 1974 உத்தரவிலேயே இருக்கிறது. கறுப்பராக இருப்பதால் ஒருவர் இப்படித்தான் தீர்ப்பளிப்பார் என்று யாரும் ஊகிக்கக் கூடாது என்றவர் அவர். இப்போது இன்னொரு கறுப்பின நீதிபதியிடம், நீங்கள் இந்த வழியில் நினைக்க வேண்டும் என்கிறாரா? 1998 ஜூலையில் மெம்பிஸ் நகரில் கறுப்பின வழக்கறிஞர்களின் தேசிய சங்கம் தாமஸைப் பேச அழைத்தது. ஹிக்கின்பாதம் அந்த அழைப்பை எதிர்த்தார், ஆனாலும் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். என் கருத்துகளை நியாயப்படுத்த வரவில்லை, எனக்காக நானே சிந்திக்கும் உரிமையை நிலைநாட்ட வந்தேன் என்றார் தாமஸ். கறுப்பன் என்பதற்காக என் எண்ணங்களை எனக்கு யாரோ ஒதுக்கித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை ஹிக்கின்பாதமின் பழைய உத்தரவுக்குள் வைத்தால் பெரிதாக உறுத்தாது.

ஹிக்கின்பாதமின் தரப்பிலும் பதில் இருக்கிறது. அவர் தாமஸிடம் கேட்டது, இனத்துக்கு விசுவாசமாக வாக்களியுங்கள் என்று இல்லை. எந்தத் தீர்ப்புகள் எந்த வாழ்க்கையைச் சாத்தியமாக்கின என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்று. வரலாறு தெரிந்திருப்பது சார்புநிலை ஆகாது என்பதே 1974 உத்தரவின் அடித்தளம். மடல் அந்த எல்லைக்குள் நிற்கும் பக்கங்களில் வலுவாக இருக்கிறது. நன்றிக்கடன் கேட்பது போலத் தொனிக்கும் பக்கங்களில் தடுமாறுகிறது. இந்த இரண்டையும் முழுக்கப் பிரிக்க அவரால் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

1993இல் நீதிபதி பதவியை விட்டுவிட்டு ஹார்வர்டின் கென்னடி பள்ளிக்குப் பேராசிரியராகப் போனார். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் முதல் அனைவருக்குமான தேர்தலுக்கு முன், ஜூலு மக்களின் இன்காதா கட்சியோடு எழுந்த பிணக்கைத் தீர்க்கப் போன சர்வதேச மத்தியஸ்தக் குழுவில் கேரிங்டன் பிரபு, கிஸ்ஸிங்கர் ஆகியோரோடு இருந்தார். அந்த மத்தியஸ்தம் தொடங்குவதற்கு முன்பே முறிந்தது. 1995இல் கிளின்டன் அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் பதக்கத்தை அணிவித்தார்.

அதே கிளின்டனுக்காகத்தான் கடைசியாகப் பொது மேடை ஏறினார். 1998 டிசம்பர் 1 அன்று, பதவிநீக்கத் தீர்மானத்தை ஆராய்ந்த பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு முன் சாட்சி சொன்னார். பொய்ச் சத்தியம் எல்லாம் ஒரே எடை இல்லை, அந்தரங்க உறவு பற்றிய பொய் ஜனாதிபதியை நீக்கும் அளவு குற்றம் ஆகாது என்பது அவர் வாதம். ஜார்ஜியா உறுப்பினர் பாப் பார், இங்கே உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டி 'உண்மையான அமெரிக்கா' என்று ஒன்று வெளியே இருக்கிறது என்கிற தொனியில் பேசினார். எழுபது வயது ஹிக்கின்பாதம், இதய நோயாளி, விடவில்லை. என் அப்பா கூலித் தொழிலாளி, என் அம்மா வீட்டு வேலைக்காரி, உண்மையான அமெரிக்காவைப் பற்றி எந்த நாள் எந்த நேரம் வேண்டுமானாலும் உங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தயார் என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை; டிசம்பர் 14 அன்று பாஸ்டனில் பக்கவாதத்தால் இறந்தார். 19ஆம் தேதி சபை தீர்மானத்தை நிறைவேற்றியது, பிப்ரவரியில் செனட் கிளின்டனை விடுவித்தது. இனமும் சட்டமும் பற்றிப் பல தொகுதிகள் எழுதுவதாகத் திட்டம் வைத்திருந்தார். 1978க்குப் பிறகு 1996இல் இரண்டாவதாக 'ஷேட்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' வந்தது. அதோடு அந்த வரிசை நின்றுபோனது.